ஐவி சொன்ன மீதி

மெர்வ் பிராட்லியின் ஷெட் ஜன்னலுக்குள் பாதி உடம்பு போன பிறகுதான், மீதி போகாது என்பது ப்ரான்வினுக்கு உறைத்தது.

இடுப்பு மாட்டிக்கொண்டது. பின்னால் மெர்வின் கெல்பி நாய் அவள் ஷூவைக் கவ்விக்கொண்டு, இது ஏதோ புது விளையாட்டு என்று குஷியாக உறுமியது. பெரின்யா பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுப் பொறுப்பாளர், வயது நாற்பத்திரண்டு, கழுத்தில் இன்னும் நூலக அடையாள அட்டை. இந்தக் கோலத்தில் யாராவது பார்த்துவிட்டால்?

பார்த்தால் பார்க்கட்டும். மூச்சை உள்ளே இழுத்து ஓர் எக்கு எக்கினாள். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. தலைகுப்புற உள்ளே விழுந்தாள்.

உள்ளே வெக்கையாக இருந்தது. எங்கோ ஒரு சின்ன விசிறி விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெயின்ட் டப்பாக்களைத் தாண்டி, தூண்டில் கழிகளைத் தாண்டி, மேஜை மேல் அந்தச் சத்தம். பழம் உலர்த்தும் மெஷின். மூடியில் ஒரு விரிசல், அதன்மேல் நீலநிறப் பிளாஸ்திரி. எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. யோசிக்க நேரமில்லை. மூடியைத் தூக்கினாள்.

ஆப்பிள் துண்டுகள் இருக்க வேண்டிய தட்டில் ஒரு ஸ்பூல் டேப், பழைய ஒலிநாடாச் சுருள், வெந்துகொண்டிருந்தது.

ஐவி டங்க்ளியின் டேப்!

“அடப்பாவி மனுஷா!” என்று வாய்விட்டே கத்திவிட்டாள். பிளக்கைப் பிடுங்கினாள். சூடான ஸ்பூலைக் கம்பளிச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு, இந்த முறை கதவு வழியாகவே வெளியேறினாள். கதவு பூட்டியிருக்கவே இல்லை.

காலையில் பெட்டக அறையில் அந்த அட்டைப் பெட்டியைத் தூக்கியபோதே கை சொல்லிவிட்டது. கனமில்லை. உள்ளே டேப் இல்லை. மூலப் பொருள் எதுவும் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அந்த அறையின் முதல் சட்டம். சூடு ஆகாது, ஈரம் ஆகாது, பேனா ஆகாது, பென்சில் மட்டும்தான் என்பதெல்லாம் அதற்கு அடுத்து. பெட்டக அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று அவளிடம். இன்னொன்று தன்னார்வலர் மெர்வ் பிராட்லியிடம்.

மெர்வ் ஒருகாலத்தில் வானொலி நிலையத்தில் டெக்னீஷியன். ஓய்வு பெற்ற பிறகு, நூலகத்தில் கிடந்த பழைய ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் யாரோ புண்ணியவான்கள் வீடு வீடாகப் போய் ஊர்க்கிழவர்களின் பேச்சைப் பதிந்து வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி ஐவி டங்க்ளி. வெண்ணெய் ஃபேக்டரியில் பொட்டலம் கட்டும் மேஜையில் இருந்தவள். கம்ப்யூட்டர் பிரதியில் அவள் மணிக்கணக்காகப் பேசுகிறாள். மாடு, மழை, நடன விருந்து, யார் யாரோடு ஓடிப்போனார்கள் எல்லாம். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறாள்:

“ஃபேக்டரி எரிஞ்ச அன்னிக்கு ராத்திரி பாய்லர் ரூம்ல யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். அது...”

கிரீச்சென்று ஒரு சத்தம். அதோடு சரி.

“டேப் அவ்வளவுதான் பொண்ணே, செத்துப் போச்சு” என்றிருந்தார் மெர்வ். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ப்ரான்வின் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? எரிந்த ஃபேக்டரியின் மேனேஜர் ஹெரால்ட் பிராட்லி. மெர்வின் அப்பா. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு கம்பெனி வேறு ஊருக்குப் போனது, பிராட்லி குடும்பம் குன்றின்மேல் செங்கல் வீட்டுக்குப் போனது, ஊர் நடுத்தெருவுக்கு வந்தது. பழி மட்டும் ஒரே ஒருவர் தலையில். பாய்லர் தொழிலாளி லென் மாக்ரிட்ஜ். வேலை நேரத்தில் தூங்கிவிட்டார் என்று விசாரணையில் எழுதினார்கள். மனிதர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை.

லென் மாக்ரிட்ஜ், ப்ரான்வினின் தாத்தா.

இன்று மாலை ஐந்து மணிக்கு நூலகத்தில் வெண்ணெய் ஃபேக்டரி கண்காட்சி திறப்பு. சுவரில் பெரிய விளக்கப் பலகை: ‘தீ விபத்துக்குக் காரணம், பாய்லர் தொழிலாளி எல். மாக்ரிட்ஜின் கவனக்குறைவு.’ அதே வாசகம் அடுத்த மாதம் வெண்கலத் தகட்டில் ஏறி, ஃபேக்டரி இருந்த இடத்தில் நிரந்தரமாக நிற்கப்போகிறது. வரலாற்றுச் சங்கத் தலைவர் கவுன்சிலர் டெஸ்மண்ட் ஓக்லி கறாராகச் சொல்லிவிட்டார்: “திறப்பு விழாவுக்குள்ள ஆதாரம் கொண்டா, பலகையை நானே கழட்டறேன். இல்லைன்னா வாயை மூடிக்கிட்டு ஸ்கோன் சாப்பிடு.”

ஆதாரம் இப்போது அவள் மடியில் சுடச்சுட இருந்தது. காரை விரட்டினாள்.

நூலகத்தின் கேட்பு அறை கண்காட்சிக் கூடத்துக்கு அடுத்தது. உள்ளே நுழையும்போது ‘இவர் யார்?’ சுவரைக் கடந்துதான் போக வேண்டும். பெயர் தெரியாத பழைய புகைப்படங்கள், கீழே ஒரு வெற்று அட்டை, நூலில் தொங்கும் பென்சில். தெரிந்தவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். ஃபேக்டரித் தொழிலாளர் படத்தில், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கும் ஒருவருக்குக் கீழே யாரோ மறுபடி எழுதியிருந்தார்கள்: ‘நம்ம ஊரை எரிச்சவன்.’ இரண்டு முறை அழித்துவிட்டாள். இது மூன்றாவது. நின்று அழிக்க இப்போது பொழுதில்லை.

டேப்பை மெஷினில் ஏற்றினாள். ஓடவிட்டாள்.

பன்றியைக் கழுத்தில் பிடித்த மாதிரி ஓர் அலறல்.

“நிறுத்து! நிறுத்துடீ!”

கையில் சுத்தியலோடு வாசலில் மெர்வ். பலகை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்திருந்தார். அவளை இடித்துத் தள்ளிவிட்டு மெஷினை அணைத்தார். டேப் உரசிய இடத்தில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. மெர்வ் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்துப் போயிருந்தது.

“முடிச்சிட்டியா? சந்தோஷமா?”

“நானா முடிச்சேன்? அடுப்புல வச்சு வறுத்தது நீங்க! திருட்டுத்தனமா வீட்டுக்குக் கொண்டுபோய்!”

“வறுக்கல பொண்ணே, காய வச்சேன். இந்தக் காலத்து டேப் எல்லாம் வருஷம் ஆக ஆக ஈரத்தை உறிஞ்சிக்கும். பசை இளகிடும். அப்படியே ஓட்டினா பதிவு உரிஞ்சு வந்துடும், இதோ, இந்த மாதிரி. இளஞ்சூட்ல நாள் முழுக்கக் காய வச்சு, அப்புறம் ஆறவிட்டா, ஒரே ஒரு தடவை ஓடும். விடியறதுக்கு முன்னாடி வச்சேன். பாதியில வந்து பிடுங்கியிருக்கே. நல்லவேளை, உரிஞ்சது ஆரம்பத்துல கொஞ்சம்தான்.”

“சூடு டேப்புக்கு எமன்னு எனக்கு ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்திருக்காங்க.”

“எனக்கும்தான் சொன்னாங்க. அதை எழுதினவன் பிசுபிசுத்த டேப்பைப் பார்த்திருக்க மாட்டான்.”

“அப்ப ஏன் ஒளிச்சு வச்சுச் செய்யணும்?”

மெர்வ் காதைச் சொறிந்தார். “நகராட்சி பேண்டு வாத்தியக் குழு டேப் ஞாபகம் இருக்கா?”

இருந்தது. போன வருஷம் அது அப்பளம் மாதிரி நெளிந்துபோய்க் கிடைத்தது. அலமாரியில் வெயில் பட்டுவிட்டது என்று மெர்வ் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

“அது நீங்களா?”

“சூடு கொஞ்சம் தூக்கலாப் போச்சு. இதையும் கேட்டா நீ குடுத்திருப்பியா? தலைகீழா நின்னாலும் குடுத்திருக்க மாட்டே. கொஞ்சம் யோசி. இதை அழிக்கணும்னு நான் நினைச்சிருந்தா ஷெட்டு, மெஷின், மண்ணாங்கட்டி எல்லாம் எதுக்கு? ஒரு காந்தம் போதாதா? என் ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு டஜன் ஒட்டியிருக்கு.”

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள்மேல்தான் ப்ரான்வினுக்குச் சந்தேகம் அதிகமாக வரும்.

“சரி. காய வைங்க. ஆனா இங்க, என் கண்ணு முன்னாடி.”

“சரி, நீ கண்ணை வச்சுக்கிட்டே இரு, நான் மெஷினைக் கொண்டுவரேன்.”

தன் யூட்டில், அந்தச் சின்னச் சரக்கு வண்டியில், போய்க் கொண்டுவந்தார். தேநீர் அறையில், விழாவுக்காக வந்திறங்கிய லாமிங்டன் கேக் தட்டுகளுக்கு நடுவே மெஷினை வைத்து, டேப்பை உள்ளே விட்டு, ஒரு தெர்மாமீட்டரையும் செருகினார். விசிறி ஓட ஆரம்பித்தது. ப்ரான்வின் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மெர்வ் எதிரே உட்கார்ந்தார். ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு காவலாளிகள்.

“எனக்கு பாத்ரூம் போகணும்” என்றார் மெர்வ் கொஞ்ச நேரம் கழித்து.

“போங்க. நான் இருக்கேன்.”

“அதான் யோசிக்கிறேன். மறுபடி பிளக்கைப் பிடுங்கிட்டா?”

நண்பகலில் கவுன்சிலர் ஓக்லி எட்டிப் பார்த்தார். டை கட்டி, பேச்சுத்தாளோடு தயாராக இருந்தார். மெஷினையும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னய்யா இது, நூலகமா கேக் கடையா?”

“ஆதாரம் காயுது கவுன்சிலர்” என்றாள் ப்ரான்வின்.

“பிராட்லி மகன் சமைக்க, மாக்ரிட்ஜ் பேத்தி பரிமாற! ரெண்டு குடும்பமும் ஒரே அறையில உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. மெர்வ், உங்கப்பா பேர் வந்தா என்ன பண்ணுவே?”

“வந்தா வரட்டும்” என்றார் மெர்வ்.

“வராதுன்னு தெரிஞ்சா எல்லாரும் இப்படித்தான் தைரியமாப் பேசுவாங்க.” ஓக்லி ஒரு லாமிங்டனை எடுத்துக் கடித்தார். “ஐந்து மணிக்கு நான் மைக்கைப் பிடிச்சிடுவேன் ப்ரான். அதுக்கப்புறம் யாரு காய்ஞ்சாலும் எனக்குக் கவலையில்ல.”

அவர் போனார். அவர் போட்டுவிட்டுப் போன கல் ப்ரான்வினின் மனதுக்குள் கிடந்து உருண்டது. வராதுன்னு தெரிஞ்சா. மெர்வுக்கு முன்பே தெரியுமா? டேப்பின் மீதியை ஏற்கெனவே கேட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் விட்டுவைத்திருக்கிறாரா? ஓரக்கண்ணால் பார்த்தாள். மனிதர் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவரைப் போல.

அப்போதுதான் அவள் கண் மெஷினின் பக்கவாட்டில் விழுந்தது. சூட்டுத் திருகுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத் துண்டு. அதில் மங்கிப்போன கையெழுத்து: ‘ஆப்பிள் - இங்கே. பேரிக்காய் - இன்னும் கொஞ்சம்.’

அம்மாவின் கையெழுத்து.

மூடியின் விரிசல் இப்போது ஞாபகம் வந்தது. சமையலறையில் கீழே போட்டு உடைத்தவளே அவள்தான், பத்து வயதில். அம்மா போன பிறகு அந்த மெஷின் எங்கே என்று ஒருமுறை கேட்டதற்கு, குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது என்று அப்பா சொல்லியிருந்தார்.

“மெர்வ். இந்த மெஷின் உங்களுக்கு எங்கேருந்து வந்தது?”

மெர்வின் கண்கள் தெர்மாமீட்டரை விட்டு நகரவில்லை. “உங்கப்பாகிட்ட கேளு.”

“அப்பாவுக்கும் உங்களுக்கும் பேச்சே கிடையாதே! எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா கிடையாது.”

“சின்ன வயசுல ஒரே பெஞ்சு. அதைக் கேட்டியா என்னிக்காவது?”

ப்ரான்வின் வராந்தாவுக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஒரு கண் மெர்வ் மேல். வாரன் மாக்ரிட்ஜ் ஐந்தாறு முறை மணி அடித்த பிறகு எடுத்தார். பின்னணியில் கோழிகள். வெண்ணெய் ஃபேக்டரி என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து கோழிக்கூண்டுக்குப் போய்விடுகிற மனிதர். மகள் வேலை பார்க்கும் நூலகத்துக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

“அப்பா, அம்மாவோட பழ மெஷினை மெர்வ் பிராட்லிக்குக் குடுத்தீங்களா?”

“குடுத்தேன்.”

“எதுக்கு?”

“பழம் காய வைக்க.”

“அவர் தோட்டத்தில ஒரு மரம்கூடக் கிடையாதேப்பா.”

தகரத் தட்டில் தீவனம் கொட்டும் சத்தம் கேட்டது.

“அந்தப் பலகையில என்ன எழுதியிருக்குன்னு போன வாரம் சாப்பிடறப்ப சொன்னியே” என்றார் வாரன் கடைசியில். “அது மாட்டியாச்சா?”

“மாட்டியாச்சு.”

“தகட்டுலயும் அதேதானா?”

“அதேதான். அதைத் தடுக்கத்தான் நான் இங்க நாயா அலையறேன். உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா.”

“ஐந்து மணிக்குத்தானே? வர்றேன்.”

போன் அணைந்தது. அப்பா நூலகத்துக்கு வருகிறாரா? காலையில் ஒரே ஒரு ஆள்மேல் சந்தேகம். இப்போது இரண்டு.

திரும்பி வந்தபோது மெர்வ் மெஷினை அணைத்து, மூடியைத் திறந்து வைத்திருந்தார். “காய்ஞ்சது போதும். இனி ஆறணும்.”

“அப்பா உங்ககிட்ட என்ன சொன்னார்?”

“டேப் பேசுமான்னு கேட்டார். முயற்சி பண்ணலாம்னேன். மறுநாள் மெஷினைக் கொண்டுவந்து வாசல்ல வச்சுட்டுப் போயிட்டார்.”

“தாத்தா பேரை மீட்கறதுக்கா?”

“வேற எதுக்கு?”

“அதை என்கிட்ட நேரா சொல்லலாமே. அப்பாவுக்குத் தெரிஞ்சதை அவரே எழுந்து சொல்லலாமே.”

மெர்வ் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். “சொந்த ரத்தம் சொன்னா இந்த ஊர்ல எவன் நம்புவான்? அப்பன் பேரைக் காப்பாத்தப் புளுகறான்னு சிரிப்பான் ஓக்லி. வேற வாய் சொல்லணும் பொண்ணே. லாபமும் நஷ்டமும் இல்லாத வாய்.”

“பாய்லர் ரூம்ல இருந்தது யாருன்னு உங்களுக்குத் தெரியும். இல்லையா?”

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் டேப் எங்க நின்னுச்சுங்கறதுதான்” என்று சொல்லிவிட்டு அவர் துணியால் மெஷின் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டை.

ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், தேநீர்க் கோப்பைகள், ‘இவர் யார்?’ சுவர் முன்னால் ஒரு சின்னக் கூட்டம். ப்ரான்வின் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள், அட்டையை மறைத்தபடி.

ஓக்லி மைக்கைத் தட்டினார். “ஆதாரம் ரெடியா? இல்ல, நான் என் பேச்சை ஆரம்பிக்கலாமா?”

மெர்வ் ஸ்பூல் மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூடத்துக்கு நடுவே உருட்டி வந்தார். டேப்பை ஏற்றினார். ப்ரான்வின் குறுக்கே போய் நின்றாள்.

“இருங்க. முதல்ல நான் தனியாக் கேட்கறேன். அப்புறம் எல்லாருக்கும் போடலாம்.”

“ஒரு தடவைதான் ஓடும்னு சொன்னேனே. உனக்குப் போட்டுட்டா ஊருக்கு இல்ல.”

“என்ன இருக்குன்னே தெரியாம ஊர் முன்னாடி போடச் சொல்றீங்களா? யார் பேரு வருமோ, எவர் குடும்பமோ...”

“போடட்டும் ப்ரான்.”

வாசலில் அவள் அப்பா. சலவைச் சட்டை, தண்ணீர் தடவி வாரிய தலை. கூட்டம் விலகி வழிவிட்டது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மெர்வ் மட்டும் தலையை லேசாக அசைத்தார். வாரனும் அசைத்தார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

வாரன் நேரே அந்தப் புகைப்படத்துக்கு வந்தார். மகளின் தோளை மெல்ல நகர்த்திவிட்டு அட்டையில் எழுதியிருந்ததைப் படித்தார். தொப்பி அணிந்த தன் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அப்போதுதான் ப்ரான்வின் கவனித்தாள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுத் திரிகிற அப்பா, இன்று கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். வலது முன்கையில், சுருங்கிப் பளபளத்த அந்தப் பழைய தழும்பு. பார்பிக்யூ எண்ணெய் கொட்டியது என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

“அப்பா?” என்றாள்.

“எல்லாரும் கேட்கட்டும்மா” என்றார் வாரன். “மெர்வ், போடு.”

ஸ்பூல் சுழன்றது. ஒரு கிரீச்சும் இல்லை. ஐவி டங்க்ளியின் குரல், தேநீர் குடித்துக்கொண்டே பேசுகிற குரல், கூடத்தின் கூரைவரை நிறைந்தது.

“...இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். அது லென் இல்ல. லென் அந்த வாரம் பூரா காய்ச்சல்ல படுத்த படுக்கை, நான்தான் சூப் கொண்டுபோய்க் குடுத்தேன். வரலைன்னு தெரிஞ்சா பிராட்லி சீட்டைக் கிழிச்சிடுவான்னு, லென்னோட தொப்பியைப் போட்டுக்கிட்டு, லென் மாதிரியே குனிஞ்சு நடந்து வந்து, தினம் ராத்திரி பாய்லருக்குக் கரி போட்டது வேற ஆளு. பாவம், கரி அள்ளற அந்த மண்வாரியைத் தூக்கவே அதுக்குத் தெம்பு கிடையாது. தீப்பிடிச்சதும் கையெல்லாம் வெந்து ஓடி வந்து என்மேலதான் மோதிச்சு. நானே தொப்பியைக் கழட்டிப் பார்த்தேன். பதிமூணு வயசு. லென்னோட பையன், வாரன்.”